வெடிக்காத குண்டுகளின் கணக்கு

1998 பிப்ரவரி 14-ஐ கோவை மறக்கவில்லை. தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் போயின. 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். விசாரணை, தீர்ப்பு, சிறை, விடுதலை என்று அந்தச் சம்பவத்தின் ஒவ்வொரு கிளையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. அதே நாள்களில் அதே ஊரில் வெடிக்காமல் போன குண்டுகளும் பல உண்டு. அத்வானி பேசவிருந்த ஆர்.எஸ்.புரம் கூட்டத்துக்கு அருகே வெடிமருந்து நிரப்பிய கார் ஒன்று நின்றிருந்தது. அந்தக் காரும், ஊரின் மற்ற இடங்களில் கிடந்த குண்டுகளும் செயலிழக்கச் செய்யப்பட்டன. அந்த நாள்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் ராணுவம், தேசியப் பாதுகாப்புப் படை, தமிழ்நாடு கமாண்டோ பயிற்சிப் பள்ளி ஆகியவற்றின் வெடிகுண்டு நிபுணர்கள்.

அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? அந்தக் கார் வெடித்திருந்தால் 58 என்ற எண் எங்கே போய் நின்றிருக்கும் என்று யாராவது கணக்குப் போட்டதுண்டா? போட முடியாது. நடக்காத ஒன்றுக்குக் கணக்கு இல்லை. வெடிகுண்டு செயலிழப்புப் பணியில் இருக்கும் ராணுவத்தினருக்கு நாம் செலுத்தும் மரியாதை குறைபட்டுப்போவதற்கு மூலகாரணம் இதுதான். அவர்களுடைய வெற்றி கண்ணுக்குத் தெரியாது. தோல்வி மட்டும்தான் செய்தியாகும்.

மலைமுகட்டைப் பிடித்த படைவீரன் அங்கே ஒரு கொடியை நட்டுவிட்டு வருகிறான். அடுத்த நாள் நாளேட்டில் படம் வருகிறது. வெடிகுண்டு நிபுணர் தன் வேலையை முடித்துத் திரும்பும்போது பின்னால் விட்டு வருவது, கடைகள் திறந்து பேருந்துகள் ஓடும் ஒரு சாதாரணத் தெரு. அதைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை. வீரத்தை அளக்க நாம் வைத்திருக்கும் அளவுகோல்கள் எல்லாம் நடந்ததை அளப்பவை. நடக்காமல் தடுத்ததை அளக்கும் கோல் ஒன்றை நாம் செய்துகொண்டாக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சினிமா சொல்லாத வேலை

சிவப்பு வயரை வெட்டுவதா, நீல வயரை வெட்டுவதா? கடிகாரத்தில் மூன்று விநாடி பாக்கி. கதாநாயகன் நெற்றியில் வியர்வை. இந்தக் காட்சியை எத்தனை படங்களில் பார்த்திருப்போம்! உண்மையான வேலை இதற்கு நேர் எதிரானது. பயிற்சி பெற்ற நிபுணர் முதலில் பார்ப்பது, குண்டைத் தொடாமலே காரியத்தை முடிக்க வழியுண்டா என்பதை. மக்களை அப்புறப்படுத்துவது, தூரத்தை உண்டாக்குவது, காத்திருப்பது, ரோபோவை அனுப்புவது, எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பது, அதிவேகத்தில் பீய்ச்சும் நீரால் மின்சுற்று இணைவதற்கு முன்பே அதைச் சிதைப்பது என்று படிகள் பல. கையால் தொடுவது கடைசிப் படி. வேறு வழியே இல்லாதபோது, உயிர் ஒன்று காத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் எடுக்க வேண்டிய முடிவு அது.

இந்த ரோபோவுக்கும் ஒரு கதை உண்டு. வட அயர்லாந்துக் கலவரக் காலத்தில் கார் குண்டுகளுக்கு அருகே போன பிரிட்டிஷ் ராணுவ நிபுணர்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். 1972-இல் லெப்டினன்ட் கர்னல் பீட்டர் மில்லர், மின்சாரத்தில் ஓடும் தோட்டத்துத் தள்ளுவண்டியின் அடிச்சட்டத்தை எடுத்து, தொலைவிலிருந்து இயக்கும் கருவியாக மாற்றினார். 'வீல்பேரோ' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இன்று உலகெங்கும் உள்ள வெடிகுண்டு ரோபோக்களுக்கு அதுதான் முன்னோடி. இந்தியாவில் டி.ஆர்.டி.ஓ.வின் புணே ஆய்வகம் உருவாக்கிய 'தக்ஷ்' 2011-இல் ராணுவத்துக்கு வந்தது. படியேறும், எக்ஸ்ரே எடுக்கும், நீர்த்தாரையால் குண்டைச் சிதைக்கும்.

ஆனாலும் ரோபோ போக முடியாத இடங்கள் உண்டு. குறுகிய சந்து, சேறு, இடிபாடு, இறந்தவனின் உடலுக்கு அடியில் உள்ள கையெறிகுண்டு. அங்கே மனிதன்தான் போக வேண்டும். 35 முதல் 40 கிலோ எடையுள்ள கவச உடையை மாட்டிக்கொண்டு, அநேகமாகத் தனியாகப் போக வேண்டும். ஆபத்து நேர்ந்தால் ஒருவரோடு போகட்டும் என்பது இந்தத் தொழிலின் எழுதப்பட்ட விதி. அந்த உடை மார்பையும் முகத்தையும் காக்கும், கைகளை விட்டுவிடும். விரல்கள் உணர வேண்டும், நுட்பமாக வேலை செய்ய வேண்டும், ஆகவே அவை வெளியே இருக்கின்றன. மே மாதத்து வெயிலில் அந்த உடைக்குள் நின்று நிதானமாகச் சிந்திப்பது எப்படிப்பட்ட பயிற்சியைக் கேட்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

எதிரில் இருப்பது வெறும் இயந்திரம் என்று நினைப்பதும் தவறு. அதைக் கட்டியவனின் மூளை அதற்குள் இருக்கிறது. 1940-இல் ஜெர்மானியர்கள் லண்டன் மீது போட்ட குண்டுகளில் சில, விழுந்து நாள்கணக்கில் கழித்து வெடிக்கும் கடிகாரப் பொறி கொண்டவை. சில, அசைத்தாலே வெடிப்பவை. பிறகு 'ஸுஸ் 40' என்றொரு சின்னக் கருவியைத் திரிக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். திரியைக் கழற்றுபவனைக் கொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலையே இல்லை. வேல்ஸில் லாண்டார்சி எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தில் விழுந்த ஒரு குண்டிலிருந்து அதைச் சேதமின்றி வெளியே எடுத்தவர் ஸ்டூவர்ட் ஆர்ச்சர். எதிரியின் தந்திரம் என்னவென்று அதன்பிறகே மற்றவர்களுக்குப் புரிந்தது. ஜார்ஜ் சிலுவை பெற்ற அவர் நூறு வயது வரை வாழ்ந்து 2015-இல் மறைந்தார். அவர் எடுத்த அந்தச் சிறு பொருளால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதும் கணக்கில் வராத கணக்குதான்.

விதியை மாற்றிய செப்டம்பர்

பதக்க விதிகளே இந்தத் தொழிலுக்காக மாறிய வரலாறு ஒன்று உண்டு. 1940 செப்டம்பர் 12 அன்று லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் அருகே விழுந்த ஒரு டன் எடையுள்ள குண்டு, மண்ணுக்குள் புதைந்து வெடிக்காமல் கிடந்தது. லெப்டினன்ட் ராபர்ட் டேவிஸ் தலைமையிலான பொறியாளர் குழு மூன்று நாள் தோண்டி அதை வெளியே எடுத்து, லாரியில் ஏற்றி, ஹாக்னி சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோய் வெடிக்கச் செய்தது. தேவாலயம் தப்பியது.

இவர்களுக்கு என்ன பதக்கம் தருவது? பிரிட்டனின் உயரிய விருதான விக்டோரியா சிலுவை, எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு உரியது. குண்டைப் போட்டவன் எப்போதோ திரும்பிப் பறந்துவிட்டான். குழிக்குள் இருந்தது குண்டு மட்டும். விதிப்படி பார்த்தால் எதிரி அங்கே இல்லை. அந்த மாதம் 24-ஆம் தேதி மன்னர் ஆறாம் ஜார்ஜ், எதிரி எதிரில் நிற்காத இடத்துத் துணிவுக்கென்று விக்டோரியா சிலுவைக்கு இணையான ஜார்ஜ் சிலுவையை ஏற்படுத்தினார். அதை முதலில் பெற்றவர்களில் டேவிஸும் அவருடைய குழுவின் சாதாரணப் படைவீரர் ஜார்ஜ் வைலியும் இருந்தார்கள். அதிகாரிக்கும் மண் வெட்டியவருக்கும் ஒரே பதக்கம்.

அந்த நியாயம் எப்போதும் கடைப்பிடிக்கப்படவில்லை. சஃபோக் பிரபு சார்லஸ் ஹோவர்ட், அவருடைய செயலாளர் பெரில் மார்டன், ஓட்டுநர் ஃபிரெட் ஹார்ட்ஸ் ஆகிய மூவரும் சேர்ந்தே குண்டுகளை ஆராய்ந்தார்கள். பிரபு ஒவ்வோர் அசைவையும் சொல்லச் சொல்ல, பெரில் குறிப்பெடுத்தார். அவர் இறந்தாலும் குறிப்பு அடுத்தவருக்கு உதவும் என்பது ஏற்பாடு. 1941 மே 12 அன்று எரித் சதுப்பு நிலத்தில் ஒரு குண்டு வெடித்து மூவரும் மாண்டனர். பிரபுவுக்கு ஜார்ஜ் சிலுவை கிடைத்தது. மற்ற இருவருக்குக் கிடைத்தது பாராட்டுக் குறிப்பு. ஒரே குண்டு, ஒரே விநாடி, இரண்டு வகை மரியாதை. அங்கீகாரம் என்று பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மறந்துபோன தம்பி

பிரிட்டன் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர்: சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் வட்டாரத்தைச் சேர்ந்தவர். 'தம்பிகள்' என்று இந்திய ராணுவம் செல்லமாக அழைக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றினார். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில் அவருடைய குழு கண்ணிவெடிகளை அகற்றிப் பாதை அமைத்துக்கொண்டிருந்தது. அப்போது ஒரு கண்ணிவெடி மிதிபட்டது. வெடிக்கச் சில விநாடிகளே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சில விநாடிகளில் ஓடியிருக்கலாம், தரையில் படுத்துத் தலையைக் காத்துக்கொண்டிருக்கலாம். அவர் கண்ணிவெடியின் மீதே பாய்ந்து விழுந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது.

மெட்ராஸ் சாப்பர்ஸுக்கும் வெடிபொருளுக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தியது. 1912-இல் பெங்களூரில் அந்தப் படையின் கேப்டன் மெக்கிளின்டாக் உருவாக்கிய 'பெங்களூர் டார்பிடோ', பழைய போர்க்களங்களில் கைவிடப்பட்ட பொறிவெடிகளையும் தடுப்புகளையும் தள்ளி நின்றே தகர்ப்பதற்காக வந்த நீண்ட குழாய். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கடற்கரையின் முள்வேலிகளை உடைக்க அதைத்தான் பயன்படுத்தினார்கள். இப்படியொரு மரபும் சுப்பிரமணியனைப் போன்ற ஒரு மனிதரும் நம் மண்ணோடு தொடர்புடையவர்கள் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும் நினைவுக்கு வருவது சரி. சுப்பிரமணியனும் நினைவுக்கு வந்தால் என்ன குறைந்துவிடும்?

எல்லையிலும் ஆற்றிலும்

சுதந்திர இந்தியா ஜார்ஜ் சிலுவையின் தத்துவத்தைத் தன் வழியில் எடுத்துக்கொண்டது. எதிரி முன்னிலையில் காட்டும் வீரத்துக்குப் பரம்வீர் சக்கரம். மற்ற இடங்களில் காட்டும் வீரத்துக்கு அசோக சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம். ஆகவே விதியில் குறை சொல்ல இடமில்லை. குறை நம் கவனத்தில் இருக்கிறது.

2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தில் பயங்கரவாதிகள் புகுந்தார்கள். மோதலுக்குப் பிறகு, கொல்லப்பட்ட பயங்கரவாதி ஒருவனின் உடலில் இருந்த கையெறிகுண்டை அகற்றும்போது, தேசியப் பாதுகாப்புப் படையின் வெடிகுண்டுப் பிரிவு அதிகாரி லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன் உயிரிழந்தார். பாலக்காட்டைப் பூர்விகமாகக் கொண்ட ராணுவப் பொறியாளர் அவர். மறைவுக்குப் பின் சௌரிய சக்கரம் அளிக்கப்பட்டது. துப்பாக்கிச் சத்தம் அடங்கினால் சண்டை முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். இவர்களுக்கு வேலை தொடங்குவதே அப்போதுதான்.

2001-02 பராக்ரம் நடவடிக்கையின்போது பாகிஸ்தான் எல்லை நெடுகக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. போர் வரவில்லை, ஆனால் புதைத்ததைத் தோண்டி எடுத்தாக வேண்டும். விவசாயிகளின் நிலம் அது. மணல் நகரும் பாலைவனத்திலும், நீர் பாயும் வயலிலும் வரைபடத்தில் குறித்த இடத்திலேயே கண்ணிவெடி இருக்குமென்று உறுதியில்லை. ஒவ்வோர் அடியாக மண்ணைத் தடவி அவற்றை எடுத்த பொறியாளர் படையினரில் உயிரையும் காலையும் கையையும் இழந்தவர்கள் உண்டு. நடக்காத போரில் இறந்தவர்களுக்கு எந்த வெற்றி விழாவிலும் இடம் கிடையாது.

2023 அக்டோபரில் சிக்கிமில் பனிஏரி உடைந்து டீஸ்டா ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது, ராணுவ முகாமின் வெடிபொருள்களும் அடித்துச் செல்லப்பட்டன. மேற்கு வங்கத்து ஆற்றங்கரையில் ஒதுங்கிய குண்டு வெடித்துப் பொதுமக்களும் இறந்தார்கள். ஆற்றின் போக்கிலேயே போய், சேற்றில் புதைந்தவற்றைத் தேடி அழிக்கும் வேலை ராணுவ நிபுணர்கள் தலையில் விழுந்தது. 2025 மே மாதம் எல்லையில் பீரங்கி மோதல் ஓய்ந்தபின் பூஞ்ச், ரஜௌரி பகுதிகளில் வயலிலும் வீட்டுப் பின்புறத்திலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளையும் அவர்களே அழித்தார்கள். போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்ட செய்தி முதல் பக்கத்தில் வந்தது. மக்கள் பயமின்றி வீடு திரும்பும்படி செய்த வேலை உள்பக்கத்துப் பெட்டிச் செய்தியானது.

போர் முடிந்தாலும் குண்டு ஓய்வதில்லை என்பதற்கு ஜெர்மனி சாட்சி. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகள் இன்றும் அங்கே கட்டுமானப் பணிகளில் அகப்படுகின்றன. 2010 ஜூன் 1 அன்று கோட்டிங்கன் நகரில் ஒரு குண்டைச் செயலிழக்கச் செய்ய ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதே அது வெடித்து, நீண்ட அனுபவம் கொண்ட நிபுணர்கள் மூவர் இறந்தனர். போர் முடிந்து 65 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இலங்கையின் வடக்கே 2009-இல் போர் முடிந்த பிறகு மிதிவெடி அகற்றாமல் ஒரு குடும்பம்கூட ஊர் திரும்ப முடியாத நிலை இருந்தது. இலங்கை ராணுவத்தின் பிரிவும், ஹேலோ டிரஸ்ட், மேக் போன்ற அமைப்புகளும், ஓய்வுபெற்ற இந்திய ராணுவப் பொறியாளர்களைக் கொண்ட சர்வத்ரா, ஹொரைசன் குழுக்களும் அந்த வேலையில் இறங்கின. முகமாலை போன்ற இடங்களில் மண்டியிட்டு மண்ணைச் சுரண்டியவர்களில் பலர் உள்ளூர்த் தமிழ்ப் பெண்கள். போரில் கணவரை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் படைவீரர்கள் இல்லை. பதக்கப் பட்டியலில் அவர்களுக்கு இடமும் இல்லை. மிதிவெடிக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியாது.

இறந்தால்தான் வீரமா?

இறந்தவர்களை மதிக்கத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நடுகல் நம் பழைய மரபு. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைப் படித்துப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் யாருடைய சேவகன், எந்தத் தொறு மீட்கப் போய் எப்படிப் பட்டான் என்று சுருக்கமாக எழுதியிருக்கும். பெயர் மட்டும் போதாது, என்ன செய்தான் என்பதும் கல்லில் இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். தில்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் ஆயிரக்கணக்கான வீரர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் குண்டைச் செயலிழக்கச் செய்யப் போய் இறந்தவர் யார், கண்ணிவெடி எடுக்கப் போய் இறந்தவர் யார் என்பதை ஒருவர் பெயரைப் பார்த்து அறிய முடியாது.

அமெரிக்காவில் வேறு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஃபுளோரிடாவின் எக்ளின் விமானப்படைத் தளத்தில், வெடிகுண்டு நிபுணர்களுக்குப் பயிற்சி தரும் பள்ளிக்கு எதிரிலேயே அவர்களுக்கான தனி நினைவகம் இருக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரீன் படை என நான்கிலும் பணியின்போது இறந்த 300-க்கும் மேற்பட்ட நிபுணர்களின் பெயர்கள் அங்கே உள்ளன. ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் எல்லாப் பெயர்களையும் வாசிக்கிறார்கள். படை எதுவாயினும் இந்தத் தொழிலுக்கு ஒரே சின்னம்தான். நான்கு படையினரும் அதையே அணிகிறார்கள். பயிற்சிக்கு வரும் இளைஞன் தினமும் அந்தப் பெயர்களைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறான். மரியாதையும் எச்சரிக்கையும் ஒரே இடத்தில் கிடைக்கிற ஏற்பாடு அது.

ஆனாலும் நினைவகம் இறந்தவர்களுக்கானது. தொழிலைச் சரியாகச் செய்து, முழு உடலோடு ஓய்வுபெற்றவனை என்ன செய்வது? இந்த இடத்தில் பிரிட்டனின் சமீப கால நடைமுறை கவனிக்கத்தக்கது. 2010-இல் இருவருக்கு ஒன்றாக ஜார்ஜ் சிலுவை அறிவிக்கப்பட்டது. ஒருவர் ஆஃப்கானிஸ்தானின் சாங்கினில் 2009 அக்டோபர் 31 அன்று இறந்த ஓலாஃப் ஷ்மிட். மற்றவர் உயிரோடிருந்த கிம் ஹியூஸ். காயமடைந்தவர்களை மீட்பதற்காக, கவச உடைகூட அணியாமல், அடுத்தடுத்துப் புதைக்கப்பட்ட ஏழு குண்டுகளைக் கையாண்டவர் ஹியூஸ். ஷ்மிட்டுக்கான அறிவிப்பு அவர் எப்படி இறந்தார் என்பதோடு நிற்கவில்லை. உறுதி செய்யப்பட்ட 70 குண்டுகளை அவர் தன் பணிக்காலத்தில் கையாண்டார் என்று எண்ணிச் சொன்னது. இறந்த அந்த ஒரு நாளைவிட, வெடிக்காத அந்த 70 குண்டுகள் பேசின. நாம் கேட்கும் அளவுகோல் இதுதான்.

எதிர்வாதங்கள்

எல்லாப் படைவீரரும் உயிரைப் பணயம் வைப்பவர்களே, இவர்களுக்கு மட்டும் ஏன் தனி மரியாதை என்று கேட்கலாம். தனி மரியாதை கேட்கவில்லை. சம மரியாதைதான் கேட்கிறோம். தாக்குதலில் காட்டும் வீரத்துக்குச் சாட்சி உண்டு. கூட இருந்தவர்கள் பார்க்கிறார்கள், எதிரியின் இழப்பு எண்ணப்படுகிறது. தனியாக நடந்து போய்த் தனியாகத் திரும்புகிறவனுக்குச் சாட்சி அவனுடைய பணிப்பதிவேடு மட்டுமே. அதை யாராவது படித்தால்தான் உண்டு.

பெயரை வெளியிட்டால் பயங்கரவாதிகளின் குறிக்கு ஆளாவார்களே என்பது இரண்டாவது கேள்வி. நியாயமானதுதான். ஆனால் அங்கீகாரம் என்றாலே மேடையும் மாலையும் என்று பொருள் கொள்ளத் தேவையில்லை. ஓய்வுக்குப் பின் வெளியிடலாம். பணியிலிருக்கும்போது ஊதியத்திலும் பதவி உயர்விலும் ஓய்வூதியத்திலும் காட்டலாம்.

மூன்றாவது எதிர்வாதம்தான் கூர்மையானது. குண்டுகளை எண்ணிப் பதக்கம் கொடுத்தால், எண்ணிக்கைக்காக அவசரப்படுவார்களே? ரோபோவை அனுப்ப வேண்டிய இடத்தில் கையை நீட்டுவார்களே? கையால் எடுத்த குண்டை மட்டும் எண்ணினால் நிச்சயம் அப்படித்தான் ஆகும். ஆகவே எண்ண வேண்டியது அழைப்புகளை. ரோபோவால் அழித்த குண்டும் ஓர் அழைப்பு. நான்கு மணி நேரம் காத்திருந்து தள்ளி நின்று வெடிக்கச் செய்ததும் ஓர் அழைப்பு. புரளியும் ஓர் அழைப்பே.

புரளியைச் சேர்ப்பது விளையாட்டாகத் தோன்றலாம். 2024 பிப்ரவரியில் சென்னையின் பல தனியார் பள்ளிகளுக்கு ஒரே நாளில் மின்னஞ்சலில் மிரட்டல் வந்தது. பெற்றோர் பதறி ஓடினார்கள். போலீஸாரின் வெடிகுண்டு நிபுணர்களும் மோப்ப நாய்களும் வகுப்பறை வகுப்பறையாகத் தேடினார்கள். எதுவும் இல்லை, புரளி என்று மாலையில் தெரிந்தது. ஆனால் கேட்பாரற்றுக் கிடக்கும் பையை நோக்கி நடக்கிறவனுக்கு அது புரளி என்று எப்போது தெரியும்? திறந்து பார்த்த பிறகுதான். அந்த நடையில் அவன் உடம்பும் மனமும் படுகிற பாட்டில், உண்மைக் குண்டுக்கும் காலிப் பைக்கும் பேதமில்லை. மிரட்டல் அனுப்பி விளையாடுகிறவர்களுக்கும் இது உறைக்க வேண்டும். அவர்கள் வீணாக்குவது அரசாங்கத்தின் நேரத்தை மட்டுமல்ல, ஒரு மனிதனின் நரம்புகளையும்தான்.

செய்ய வேண்டியவை

முதலாவது, பணிப்பதிவேடு. ராணுவம், தேசியப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ், மாநிலக் காவல் துறை என்று இந்த வேலை பல கைகளில் பிரிந்திருக்கிறது. குண்டுகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டுவதற்கு தேசியப் பாதுகாப்புப் படையின் கீழ் தேசிய வெடிகுண்டுத் தரவு மையம் இருக்கிறது. குண்டு எப்படிக் கட்டப்பட்டது என்பதோடு, அதை நோக்கி நடந்தவர் யார், எத்தனையாவது முறை என்பதும் ஒரே வடிவில் எல்லாப் படைகளிலும் பதிவாக வேண்டும். வீரப் பதக்கத்துக்குப் பரிந்துரை எழுதும் அதிகாரிக்கு அந்தப் பதிவேடே சான்றாக நிற்கும்.

இரண்டாவது, உடல்நலம். அருகில் வெடிக்கும் குண்டின் அழுத்த அலை, தோலில் கீறல்கூட இல்லாமல் மூளையைப் பாதிக்கும் என்று மருத்துவம் இப்போது ஒப்புக்கொள்கிறது. தள்ளி நின்று செய்த கட்டுப்பாடான வெடிப்புகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் என்னாகும் என்பதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். ஓய்வுபெற்று 15 ஆண்டு கழித்து மறதியும் தூக்கமின்மையும் எரிச்சலும் வந்தால், அதற்கும் பணிக்கும் தொடர்புண்டு என்று நிரூபிக்கும் சுமையை அந்த மனிதனின் தலையில் ஏற்றக் கூடாது. மேலே சொன்ன பதிவேடு இங்கும் பேசும்.

மூன்றாவது, பொதுச் சின்னம். ராணுவத்தினராயினும் காவல் துறையினராயினும் குறிப்பிட்ட பயிற்சியும் குறிப்பிட்ட அனுபவமும் பெற்ற நிபுணர் அணிய ஒரே சின்னம் வேண்டும். கோவையில் அன்று மூன்று அமைப்புகளின் நிபுணர்கள் ஒரே ஊரில் வேலை செய்தார்கள். அவர்கள் சட்டையின் நிறம் வேறு, தொழில் ஒன்று. சஃபோக் பிரபுவின் ஓட்டுநருக்கு நேர்ந்ததைப் போல, அமைப்பையும் பதவியையும் பார்த்து மரியாதை சிறுத்துவிடக் கூடாது. மண் வெட்டிய வைலிக்குக் கிடைத்த நியாயம் மோப்ப நாயைப் பிடித்துச் செல்லும் காவலருக்கும் கிடைக்க வேண்டும்.

நான்காவது, தமிழ்நாடு அரசு தன் அளவில் செய்யக்கூடியது. சுபேதார் சுப்பிரமணியனின் பெயரைக் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கோ சாலைக்கோ சூட்டலாம். பாடநூலில் ஒரு பக்கம் ஒதுக்கலாம். கோவை நினைவு நாளில், வெடித்த குண்டுகளுக்குப் பலியானவர்களுக்கு அஞ்சலி செலுத்திய பிறகு, வெடிக்காத குண்டுகளை அகற்றியவர்களில் இருப்பவர்களை அழைத்து நன்றி சொல்லலாம். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஓர் அரசு விழாவின் பந்தல் செலவைத் தாண்டாது.

இந்த நான்கிலும் பதிவேடே முதன்மையானது. பதக்கம் சிலருக்குத்தான் கிடைக்கும். சின்னம் சட்டையோடு போய்விடும். பாடநூல் மாறிக்கொண்டே இருக்கும். எழுதி வைத்த கணக்கு நிற்கும். இன்று ஒரு தெருவில், ஒரு பள்ளியில், ஒரு ரயில் நிலையத்தில் எதுவும் நடக்கவில்லை என்றால், அது தானாக அமைந்ததா, யாரோ ஒருவர் நடந்து போனதால் அமைந்ததா என்று ஓர் அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் நன்றி சொல்ல முடியும். அடுத்த முறை அந்த மனிதரை அனுப்பும்போது, எதற்குள் அனுப்புகிறோம் என்ற பொறுப்போடு அனுப்பவும் முடியும்.